நிலாவை எந்த ஆங்கிளில் வெட்டுவது?

சந்திரகாந்தக் கல் என்று ஆன்லைனில் தேடிப் பாருங்க. எந்த ராசிக்கு ஆகும், எந்த விரலில் போடணும், திங்கட்கிழமை போடலாமா என்றுதான் பக்கம் பக்கமாக வரும். அதற்கு அடுத்தபடியாக ‘ஒரிஜினல் மூன்ஸ்டோன்’ என்று இருநூறு ரூபாய்க்கு விற்கிற கடைகள் வரும். அந்தக் கல்லுக்குள்ளே நீல வெளிச்சம் எப்படி வந்தது, அதை வெளியே கொண்டுவர ஒருத்தர் சாணை முன்னாடி உட்கார்ந்து என்ன யோசிச்சார் என்று சொல்ற பக்கம் ரொம்பக் கம்மி.

ராசியை ஜோசியர்கிட்ட விட்டுடுவோம். நமக்கு மெட்டீரியல் சயின்ஸ் தெரியும், ஆப்டிக்ஸ் தெரியும். சரி, இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரியாவது தெரிஞ்சிருந்தது. இந்தக் கல்லைப் புரிஞ்சுக்க அதுவே போதும்.

முதல்ல ஒரு விஷயம். கடைகளில் நீங்க பார்க்கிற மூன்ஸ்டோன் பெரும்பாலும் வழுவழுன்னு, மேலே மேடாக, அடியில் தட்டையாக இருக்கும். பாதியாக வெட்டின முட்டை மாதிரி. அதற்கு கபோஷான் என்று பேர். வைரம் மாதிரி பட்டை தீட்டிய மூன்ஸ்டோன் குறைவாகத்தான் கண்ணில் படும். ஏன் குறைவு? அப்படி வெட்டுறதில் என்ன கஷ்டம்? நல்லா வெட்டியிருக்கா இல்லையா என்று நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

வாஷ்பேசினும் இதே வம்சம்தான்

மூன்ஸ்டோன் ஒரு ஃபெல்ட்ஸ்பார். பேர் புதுசா இருந்தாலும் ஆள் ரொம்பப் பழக்கம். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமங்கள்தான். வீட்டு கிரானைட் மேடையில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ கட்டம் கட்டமாகத் தெரியுதே, அது ஃபெல்ட்ஸ்பார். டைல்ஸ், வாஷ்பேசின் செய்யும்போது கலவை குறைந்த வெப்பத்திலேயே உருகிச் சேரணும்னு தூளாக்கிப் போடுறதும் ஃபெல்ட்ஸ்பார்.

அப்படின்னா மூன்ஸ்டோனில் அபூர்வமான தனிமம் எதுவும் இல்லை. மரகதத்துக்கு குரோமியமோ வனேடியமோ வேணும், மாணிக்கத்துக்கு குரோமியம் வேணும். இங்கே பொட்டாசியம், சோடியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்ஸிஜன். அவ்வளவுதான். எல்லாம் தெருவில் கிடக்கிற சரக்கு. இதில் அபூர்வம் என்னன்னா, அந்தக் கிரிஸ்டல் ஆறின விதம். எவ்வளவு வேகமாக ஆறியது என்பதுதான் ஒரு துண்டை நகைக்கும் இன்னொரு துண்டை வாஷ்பேசினுக்கும் அனுப்புது.

பியர்லைட் ஞாபகம் இருக்கா?

இரும்பு–கார்பன் படத்தை வரையாமல் யாரும் மெட்டலர்ஜி பேப்பரைத் தாண்டியிருக்க மாட்டீங்க. 727 டிகிரியில் ஆஸ்டெனைட் பிரிஞ்சு ஃபெரைட் ஒரு அடுக்கு, சிமென்டைட் ஒரு அடுக்கு என்று மாறி மாறி நிற்கும். மெதுவாக ஆறவிட்டால் தடிமனான அடுக்கு. வேகமாக ஆறவிட்டால் மெல்லிய அடுக்கு. மைக்ரோஸ்கோப்பில் முத்துச்சிப்பியின் உள்பக்கம் மாதிரி மின்னியதால்தான் அதற்கு பியர்லைட் என்று பேரே வந்தது.

மூன்ஸ்டோன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அதிக வெப்பத்தில் பொட்டாசியமும் சோடியமும் ஒரே கிரிஸ்டலுக்குள் கலந்து, அடுத்தடுத்த இடங்களில் சண்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரே பஸ்ஸில் ரெண்டு காலேஜ் பசங்க மாதிரி. ஆனால் இரண்டுக்கும் சைஸ் வேற. பொட்டாசியம் அயனின் ஆரம் சுமார் 1.38 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு சுமார் 1.02 ஆங்ஸ்ட்ராம். சூடு இருக்கிற வரைக்கும் கிரிஸ்டலின் சட்டகம் இந்த வித்தியாசத்தைத் தாங்கும். ஆற ஆற, தாங்காது. பொட்டாசியம் ஒரு பக்கம் ஒதுங்கும், சோடியம் இன்னொரு பக்கம் ஒதுங்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிடணும். பியர்லைட் ஒரு யூடெக்டாய்டு வினை. மூன்ஸ்டோனில் நடப்பது ஒரு திடக் கரைசல் தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிவது. எண்ணெயும் தண்ணியும் பிரியற மாதிரி, ஆனால் எல்லாம் திட நிலையில். திடப்பொருளுக்குள் அயனிகள் நகர்வது எவ்வளவு மெதுவாக நடக்கும்னு டிஃப்யூஷன் கணக்குப் போட்டவங்களுக்குத் தெரியும். அதனால் பிரிஞ்ச இரண்டும் எண்ணெய், தண்ணி மாதிரி மேலே ஒண்ணு கீழே ஒண்ணு என்று போக முடியாது. இருக்கிற இடத்திலேயே மெல்லிய தகடுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி நிற்கும். பொட்டாசியம் அதிகம் உள்ளது ஆர்த்தோகிளேஸ். சோடியம் அதிகம் உள்ளது ஆல்பைட்.

எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி சட்டென்று ஆறிட்டால் பிரியவே நேரம் கிடைக்காது. கலந்தது கலந்தபடி உறைஞ்சுடும். ஆழத்தில் ரொம்ப ரொம்ப மெதுவாக ஆறினால் தகடுகள் வளர்ந்து தடித்து, கண்ணுக்கே வெள்ளைக் கோடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும். சில கிரானைட் பலகைகளில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். இரண்டிலும் நிலா கிடையாது. நடுவில் ஒரு சரியான வேகம் இருக்கு. அதில் ஆறினால்தான் தகடுகளின் தடிமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவில் நிற்கும். அப்போதுதான் மூன்ஸ்டோன்.

இதை மறுபடி நல்லா சூடாக்கினால் என்ன ஆகும்? போதுமான வெப்பத்தில் போதுமான நேரம் வைத்தால் பொட்டாசியமும் சோடியமும் திரும்பக் கலந்துடும். கல் இருக்கும், நிலா போயிடும்.

நீலமா, வெள்ளையா?

கல்லுக்குள் போகிற வெளிச்சம் இந்தத் தகடுகளில் பட்டுச் சிதறி வெளியே வருது. இரண்டு தகடுகளின் ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸும் கொஞ்சமே கொஞ்சம்தான் வேறுபடும். அதனால் ஒரு தகடு தனியாக எதுவும் பெரிசாகச் செய்யாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போது, கல்லின் மேற்பரப்புக்குக் கீழே ஒரு மெல்லிய வெளிச்சம் மிதக்கிற மாதிரி தெரியும். கல்லைச் சாய்த்தால் அதுவும் நகரும். இதற்கு அடுலரெசன்ஸ் என்று பேர். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸில் உள்ள அடுலா மலைப் பகுதியில் கிடைத்த ஃபெல்ட்ஸ்பாருக்கு அடுலாரியா என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்த சொல் இது.

தகடுகள் மிக மெல்லியதாக இருந்தால் குறைந்த அலைநீளம் உள்ள நீலம் அதிகமாகச் சிதறும். தடித்தால் எல்லா நிறமும் சேர்ந்து சிதறி வெள்ளையாகத் தெரியும். வானம் நீலமாகவும் மேகம் வெள்ளையாகவும் இருக்கிற அதே தர்க்கத்தின் நெருங்கிய உறவு. மார்க்கெட்டில் நீல மூன்ஸ்டோனுக்கு ஏன் விலை கூட என்பதற்குப் பின்னால் இருப்பது இந்த நானோமீட்டர் கணக்குதான்.

வானம், கடல் நிறங்களில் ஆரம்பித்து நோபல் பரிசு வரைக்கும் போன நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமனும் இந்தக் கல்லை விடவில்லை. இலங்கையின் மூன்ஸ்டோன்களின் அமைப்பையும் ஒளியியல் நடத்தையையும் பற்றி 1950-இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நோபல் வாங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘இந்த நீலம் எங்கேயிருந்து வருது?’ என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகல.

மீட்டியாகொட, காங்கேயம்

நீல மூன்ஸ்டோன் என்றால் உலகமே சொல்ற ஊர் மீட்டியாகொட. இலங்கையின் தெற்கே, அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் இருக்கு. அங்கே மூன்ஸ்டோன் இருக்கிற பெக்மடைட் பாறையின் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்து வெள்ளைக் களிமண்ணாக, அதாவது கயோலினாக மாறிவிட்டது. அந்தக் களிமண்ணுக்குள் செங்குத்தாகக் குழி தோண்டி இறங்கி, சிதையாமல் மிஞ்சின ஃபெல்ட்ஸ்பார் துண்டுகளை எடுக்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க, அந்தக் களிமண்ணே ஃபெல்ட்ஸ்பார் அழிஞ்சு உண்டானதுதான். அழிஞ்ச பங்காளிகளுக்கு நடுவில் தப்பிச்சது மூன்ஸ்டோன்.

இலங்கை என்றதும் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். அநுராதபுரத்துப் புராதனக் கட்டிடங்களின் வாசல்படியில் அரைவட்டமாகச் செதுக்கின கல் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் அதையும் மூன்ஸ்டோன் என்றுதான் சொல்வார்கள். அது வடிவத்துக்காக வந்த பேர். இந்த ரத்தினத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

நம்ம பக்கம் காங்கேயம். காளைக்குப் பேர்போன அதே காங்கேயம்தான். சுற்றுவட்டாரத்தில் மூன்ஸ்டோன் கிடைக்குது. சாம்பல், பழுப்பு, பீச் பழ நிறம் என்று உடல் நிறமே பலவிதமாக இருக்கும். அநேகமாக முழுசாக ஒளி ஊடுருவாது. அதனால் கபோஷானாகவும் மணிகளாகவும் வெட்டுவது வழக்கம். பட்டை தீட்ட வேண்டுமானால் உள்ளே கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கணும், அதே சமயம் நிலாவும் இருக்கணும். இந்த இரண்டும் ஒரே துண்டில் சேர்ந்து வருவது கஷ்டம். தகடுகள் வெளிச்சத்தைச் சிதறடித்தால்தான் நிலா. ஆனால் அளவுக்கு மேல் சிதறினால் கல் பால் மாதிரி ஆகிவிடும். பட்டை தீட்டிய மூன்ஸ்டோன் ஏன் குறைவு என்ற கேள்விக்கு முதல் பதில் இது.

சாணை முன்னாடி உட்கார்ந்தவர் போடுற கணக்கு

இப்போ உங்க கையில் ஒரு நல்ல துண்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. மொட்டைக் கல், இன்னும் வெட்டல. முதல் வேலை வெட்டுறது இல்லை. தேடுறது.

துண்டைத் தண்ணியில் நனைச்சு, ஒரே ஒரு பல்புக்குக் கீழே மெதுவாகத் திருப்பணும். ஏதோ ஒரு கோணத்தில் உள்ளேயிருந்து நீலம் குபீர்னு எழும்பும். அந்தத் திசைக்கு நேர் செங்குத்தாகத்தான் தகடுகள் படுத்திருக்கு. அந்த இடத்தைப் பேனாவால் குறிச்சுக்கணும். அந்த ஒரு மார்க்கை வெச்சுத்தான் மீதி எல்லாம். கல்லின் முகம் எது, அடி எது என்று அதுதான் முடிவு பண்ணும்.

இரண்டாவது பிரச்சினை பிளவு. ஆர்த்தோகிளேஸுக்கு இரண்டு பிளவுத் தளங்கள், ஒன்றுக்கொன்று 90 டிகிரியில். தேங்காய்க்கு மூணு கண் மாதிரி, இதுக்கு உடையறதுக்குன்னே ரெண்டு திசை. அந்தத் திசையில் லேசாகத் தட்டினால் போதும், பிளந்துக்கும். இதில் வம்பு என்னன்னா, நிலா தரும் தகடுகளின் திசையும் பிளவின் திசையும் ஒண்ணு இல்லை. தகட்டுக்கு ஏற்ற மாதிரி கல்லைத் திருப்பினால் ஏதாவது ஒரு பட்டை பிளவுத் தளத்தின் மேலேயே போய் விழலாம். அப்படி விழுந்த பட்டை பாலிஷ் ஏறாது. தேய்க்கத் தேய்க்க சின்னச் சின்னச் செதிலாகப் பிஞ்சு வரும். அதனால் சில டிகிரியாவது சாய்ச்சு விலக்கி வைக்கணும்.

மூணாவது சூடு. கல்லைப் பட்டை தீட்ட ஒரு குச்சியின் நுனியில் ஒட்டுவாங்க. பழைய முறையில் அரக்கை உருக்கி ஒட்டுவது வழக்கம். மூன்ஸ்டோன் திடீர்ச் சூட்டையும் திடீர்க் குளிர்ச்சியையும் தாங்காது. அதனால் கல்லை மெதுவாகச் சூடேற்றி ஒட்டணும், இல்லேன்னா சூடே இல்லாத பசையைப் பயன்படுத்தணும். தேய்க்கும்போதும் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். தண்ணி கல்லுக்கு மட்டும் நல்லது இல்லை, ஆளுக்கும்தான். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் தேய்க்கிற தொழிலாளர்கள் சிலிக்கா தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் நோயில் விழுந்தது நல்லாப் பதிவான விஷயம். அகேட் அளவுக்கு மூன்ஸ்டோன் ஆபத்து இல்லை என்றாலும், பல பட்டறைகளில் ஒரே சாணையில் எல்லாக் கல்லும் ஏறும்.

41 டிகிரிக்கு ஒரு வழக்கு

நாலாவதுதான் பெரிய பஞ்சாயத்து. கோணம்.

வைரத்தின் ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் 2.42. மூன்ஸ்டோனுக்கு சுமார் 1.52, கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடி. கிரிட்டிகல் ஆங்கிள் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: 1-ஐ இண்டெக்ஸால் வகுத்து சைன் இன்வர்ஸ். வைரத்துக்கு சுமார் 24 டிகிரி வரும். மூன்ஸ்டோனுக்கு சுமார் 41 டிகிரி.

இதுக்கு என்ன அர்த்தம்? மேலேயிருந்து நேராக உள்ளே போன வெளிச்சம் அடிப்பக்கத்துப் பட்டையில் மோதி முழுசாகத் திரும்பி வரணும்னா, அந்தப் பட்டை 41 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கணும். அதுக்குக் கீழே போனால் வெளிச்சம் அடி வழியாக ஓடிப்போயிடும். கல்லின் நடுவில் ஒரு ஓட்டை மாதிரி, அடியில் இருக்கிற விரலோ பேப்பரோ அப்படியே தெரியும். இதுக்கு விண்டோ என்று சொல்வாங்க. வைரத்தில் இந்தத் தப்பு நடக்க நிறைய இடைவெளி இருக்கு. இங்கே கொஞ்சம் சறுக்கினாலும் விண்டோதான்.

சரி, 43 டிகிரியில் வெட்டிட்டால் ஜெயிச்சாச்சா? இல்லை. மேற்பரப்பிலேயே திரும்புகிற வெளிச்சத்தைக் கணக்குப் போட்டால் வைரத்துக்கு சுமார் 17 சதவீதம் வரும், மூன்ஸ்டோனுக்கு 4 சதவீதம்தான். வைரம் மாதிரி பளபளக்கிற போட்டியில் மூன்ஸ்டோன் இறங்கினால் தோற்பது உறுதி. அதோட பலம் வேற. உள்ளே மிதக்கிற அந்த மங்கலான நீலம். அடிப்பட்டைகளிலிருந்து வெள்ளை வெளிச்சம் பளீர் பளீர்னு திரும்பி வந்தால், அந்த நீலம் அதில் அமுங்கிடும். வெயிலில் வெச்ச மொபைல் ஸ்கிரீன் மாதிரி.

மேல்முகத்தைப் பெரிய தட்டையான ஒரே பட்டையாக வெச்சாலும் சிக்கல். தகடுகளுக்கு அந்த முகம் இணையாக இருந்தால், நிலா எந்தத் திசையில் நல்லாத் தெரியுமோ அதே திசையில்தான் மேற்பரப்பின் கூச்சமும் கண்ணில் அடிக்கும். கபோஷான் இதை அழகாகச் சமாளிக்குது. வளைந்த மேற்பரப்பில் பல்பின் பிம்பம் ஒரு சின்னப் புள்ளியாகச் சுருங்கிடும். நிலா மட்டும் அகலமாக விரிந்து நிற்கும். மூன்ஸ்டோனை ஏன் காலங்காலமாக மேடாக வெட்டுறாங்க என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்போ பட்டை தீட்டுறவர் என்ன செய்றார்? பாதி வழியில் நிற்கிறார். ரோஸ் கட் என்று ஒரு முறை இருக்கு. அடி தட்டை, மேலே கோபுரம் மாதிரி எழும்புகிற சின்னச் சின்ன முக்கோணப் பட்டைகள். இன்னொன்று மேல்முகம் முழுக்க செஸ் போர்டு கட்டம் மாதிரி பட்டை போடுவது. இரண்டிலும் கபோஷானின் மேடு இருக்கு, ஆனால் அந்த மேடு துண்டு துண்டாக உடைந்திருக்கு. கல்லைச் சாய்க்கும்போது நீலம் வழுக்கிக்கொண்டு போகாமல் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குத் தாவும். ஒரு கட்டம் அணையும், பக்கத்துக் கட்டம் எரியும். கபோஷானில் மேகத்துக்குப் பின்னால் நகர்கிற நிலா. பட்டை தீட்டியதில் குளத்து அலையில் உடைஞ்ச நிலா. எது அழகு என்பது உங்க இஷ்டம். ஆனால் இரண்டாவதுக்குக் கணக்கு கூட.

கடைசியாக பாலிஷ். மோஸ் அளவில் இதன் கடினம் 6 முதல் 6.5 வரை. வைரப்பொடி பூசிய தட்டுகளில் கரடானதிலிருந்து மெல்லியதுக்கு ஒவ்வொரு படியாகப் போய், முடிவில் சீரியம் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு போட்டு முடிப்பாங்க. ஒரு படியில் விட்ட கீறல் அடுத்த படியில் போகாது. பட்டைகள் சந்திக்கும் ஓரங்கள் கூர்மையாக, மூணு பட்டை சேரும் முனை ஒரே புள்ளியில் நின்றால் ஆள் அவசரப்படல என்று அர்த்தம்.

எடையா, வெளிச்சமா?

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் இயற்பியல். இப்போ காசு.

ரத்தினம் கேரட் கணக்கில் விற்கும். ஒரு கேரட் என்பது 0.2 கிராம். ஒரு உதாரணத்துக்கு 10 கேரட் மொட்டைக் கல் என்று வெச்சுக்குவோம். பிளவுத் தளத்தில் உடைஞ்ச தட்டையான துண்டு. அதன் இயல்பான வடிவத்தை ஒட்டியே வெட்டினால் 4 கேரட் கல் கிடைக்கலாம். ஆனால் நிலா நடுவில் நிற்காது, ஒரு ஓரமாக ஒதுங்கிடும். நேராகப் பார்த்தால் வெறும் கண்ணாடி, சாய்ச்சுப் பார்த்தால்தான் கொஞ்சம் நீலம். மாறாக, பேனாவில் குறிச்ச அந்தத் திசையை மதிச்சு வெட்டினால் 2.5 கேரட்தான் மிஞ்சலாம். ஆனால் முகம் முழுக்க நிலா.

எதை வெட்டுவீங்க? நாம உடனே ரெண்டாவதைச் சொல்லுவோம். கைக்காசு நம்மது இல்லையே. வாங்க வர்றவர் முதல்ல கேட்கிறது ‘எத்தனை கேரட்?’ ஆன்லைனில் ஃபில்டர் போடுறதும் எடையும் விலையும் வெச்சுத்தான். ‘நிலா எந்தக் கோணத்தில் இருக்கு?’ என்று ஃபில்டர் போட எங்கேயும் பட்டன் இல்லை. ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்றவரிடம் கல்லைக் கொடுத்து ‘எடை போகக்கூடாது’ என்று சொன்னால், நிலா எங்கே இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சும் அவர் அதை ஓரமாக வெட்டுவார். ஒரு போட்டோவுக்கு எந்தக் கல்லையும் சரியான கோணத்தில் சாய்ச்சு நீலமாகக் காட்டிடலாம். கையில் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் கல்லின் தரத்தில் பாதிப் பொறுப்பு வாங்குறவரின் கேள்வியில் இருக்கு. இயற்கை சரியான வேகத்தில் ஆறவெச்சுக் கொடுத்த தகடுகள், ரெண்டரைக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை கேரட்டுக்காக வீணாகப் போறதும் போகாததும் நாம எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நல்ல கல்லா? ஒரு நிமிஷப் பரிசோதனை

வீடியோ கேளுங்க, போட்டோ வேண்டாம். நேரில் என்றால் கறுப்புத் துணி மேல் வெச்சு ஒரே ஒரு பல்புக்குக் கீழே பாருங்க. பின்னணி கறுப்பாக இருந்தால் நிலா தூக்கலாகத் தெரியும்.

நேராகப் பார்க்கும்போது நீலம் முகத்தின் நடுவில் வருதா? கொஞ்சம் சாய்ச்சதும் பட்டைக்குப் பட்டை தாவுதா? ஒரு இக்கினி சாய்வில் மட்டும் வந்துட்டு மறைஞ்சுடுதா? மறைஞ்சால் திசை தப்பு.

அப்புறம் கல்லை அச்சடிச்ச பேப்பர் மேல் வெச்சு நடுவில் பாருங்க. ரோஸ் கட் என்றால் அடி தட்டையாக இருப்பதால் எழுத்து தெரியத்தான் செய்யும், அது குற்றம் இல்லை. அடியும் கூராக வெட்டின கல்லில் எழுத்து தெளிவாகத் தெரிஞ்சால் விண்டோ.

லென்ஸ் இருந்தால் உள்ளே பாருங்க. பூரான் மாதிரி ஒரு கோடும் இரண்டு பக்கமும் குட்டிக் கால்களும் தெரியலாம். ரத்தினவியலில் அதைப் பூரான் என்றேதான் சொல்றாங்க. கல்லுக்குள் இருக்கிற அழுத்தத்தால் உண்டான மிகச் சிறிய விரிசல்களின் வரிசை அது. பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும், கண்ணாடிப் போலியில் அது வராது என்பதால் இயற்கைக் கல் என்பதற்கு நல்ல சாட்சி. மேற்பரப்பைத் தொடாமல் சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம். ஓரம் வரைக்கும் ஓடியிருந்தால் யோசிங்க.

இருநூறு ரூபாய் மூன்ஸ்டோன்

எங்க ஹாஸ்டலில் ஒருத்தி ஆன்லைனில் வாங்கின ‘மூன்ஸ்டோன்’ மோதிரத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சோம். கறுப்பு டேபிள் மேல் நீலமாக இருந்தது, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஆரஞ்சு நிறமாக மாறிடுச்சு. அது ஓபலைட். அதாவது மனுஷன் செஞ்ச கண்ணாடி. அதில் நீலம் உடம்பு முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கும். கல்லைச் சாய்த்தாலும் வெளிச்சம் நகராது. ஏன்னா உள்ளே அடுக்கு இல்லை, திசை இல்லை. சில சமயம் லென்ஸில் காற்றுக் குமிழியும் தெரியும்.

இன்னொன்று ரெயின்போ மூன்ஸ்டோன். நீலத்தோடு மஞ்சள், பச்சை என்று வானவில் தெறிக்கும். இது போலி இல்லை, இயற்கைக் கல்தான், அழகும்கூட. ஆனால் கனிமம் வேற: லாப்ரடோரைட். அதுவும் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம், ஆனால் சோடியமும் கால்சியமும் உள்ள கிளை. கடைக்காரர் இந்தப் பேரில் விற்பது வியாபார வழக்கம். நீங்க எதுக்குக் காசு கொடுக்கிறீங்கன்னு தெரிஞ்சு கொடுத்தால் சரி.

இரண்டையும் பிரிக்க நம்ம கெமிஸ்ட்ரி லேப் தராசு போதும். மூன்ஸ்டோனின் ஒப்படர்த்தி சுமார் 2.58. லாப்ரடோரைட் 2.70 பக்கம். மோதிரத்தில் பதிக்காத கல்லைக் காற்றில் எடை போடுங்க, 1.290 கிராம் என்று வெச்சுக்குவோம். மெல்லிய நூலில் கட்டித் தண்ணிக்குள் தொங்கவிட்டு எடை பாருங்க. 0.790 வந்தால் வித்தியாசம் 0.500. வகுத்தால் 2.58, மூன்ஸ்டோன். அதே அளவு லாப்ரடோரைட் என்றால் காற்றில் 1.350 வந்திருக்கும். ஒரு மில்லிகிராம் துல்லியம் உள்ள தராசில் பிழை இரண்டாவது தசம இடத்தில்தான் வரும். 2.58-ஐயும் 2.70-ஐயும் பிரிக்க அது தாராளம். கல்லில் குமிழி ஒட்டாமல் பார்த்துக்குங்க, அவ்வளவுதான். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்துக்குச் செய்ததா சொல்ற கதை, நமக்கு மோதிரக் கல்லுக்கு ஆகுது.

வாங்கினப்புறம்

நம்ம ஊர்த் தூசியில் குவார்ட்ஸ் இருக்கு. அதன் கடினம் 7. மூன்ஸ்டோனுக்கு 6 முதல் 6.5. கணக்கு புரிஞ்சிருக்கும். காய்ஞ்ச துணியால் தேய்ச்சால் தூசியே கல்லைக் கீறும், பட்டைகளின் கூர் ஓரம்தான் முதலில் மழுங்கும். மிதமான சோப்புத் தண்ணியில் அலசி மெல்லிய துணியால் ஒத்தி எடுங்க. நகைக்கடை அல்ட்ராசானிக் மெஷினும் நீராவியும் வேண்டாம், பிளவு திறந்துக்கும். தினம் போடுற மோதிரத்தை விட டாலருக்கும் தோட்டுக்கும் இது நல்ல கல். டூ வீலர் ஹேண்டில்பாரிலும் லேப் வைஸிலும் இடிக்காத இடம்.

1970-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் மூன்ஸ்டோனைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது. நிலாவுக்குப் போன ராக்கெட் தங்கள் மண்ணிலிருந்து கிளம்பிய பெருமைக்காக. வேடிக்கை என்னன்னா, ஃபுளோரிடாவில் மூன்ஸ்டோன் கிடைக்காது. நமக்கோ பஸ் ஏறினால் எட்டுகிற தூரத்தில் காங்கேயம் இருக்கு. செமஸ்டர் லீவில் அந்தப் பக்கம் போனால் கல் பட்டறை எங்கேன்னு விசாரிச்சு, ஒரு மொட்டைக் கல்லைக் கையில் வாங்கி, தண்ணி தொட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்க. நீலமோ வெள்ளையோ, உள்ளேயிருந்து எழும்பும். அப்புறம் வெட்டுறவர்கிட்ட கேரட் எவ்வளவுன்னு கேட்காதீங்க. ‘அண்ணா, இதை எந்தப் பக்கம் வெட்டுவீங்க?’ என்று கேளுங்க. அவர் சொல்ற பதிலில் நம்ம ரெண்டு செமஸ்டர் சிலபஸ் இருக்கும்.